மேக்கணக்குக் கோபுரத்து வரகு

1

எனக்கு இந்தத் தையோட அறுவத்தி நாலு வயசு முடிஞ்சது. பெத்தது எட்டு. அதுல மூணு இந்த ஊர்க் குளுரு தாங்காமப் போயிருச்சு. மிஞ்சுனது அஞ்சு, செத்துப்போன கொழுந்தனோட மகன் ஒருத்தன், ஆக ஆறு பேர வளத்து ஆளாக்கியிருக்கேன். ஒருத்தர்கிட்டயும் கையேந்துனதில்ல. இத மொதல்ல சொல்லிர்றேன்.

என் தங்கச்சி மகன் ஊர்லருந்து கடுதாசி போட்டிருந்தான். பணம் சேராம தள்ளிக்கிட்டே வந்த கோபுரக் கும்பாபிஷேகம் இந்த வருஷம் நடக்கப்போகுதாம். அதுக்கு ஒரு மலர் அச்சடிச்சுப் போடுறாங்களாம். கடல் தாண்டிப் போன நம்ம ஊர் ஆளுங்க, அங்கங்க இருக்குற கோயில் கோபுரங்களப் பத்தி, அது ஏன் அம்புட்டு உசரமா நிக்குது, என்ன தத்துவம்னு எழுதி அனுப்பணுமாம். தத்துவமெல்லாம் எனக்குத் தெரியாது. கோபுரத்தால எனக்கு வந்த வயித்தெரிச்சல்தான் தெரியும். அதத்தான் எழுதுறேன்.

எழுதுறது என் கைதான். முப்பது வயசுக்கு மேல, எம் மூத்த மகன் சிலேட்டப் பாத்து நானா கத்துக்கிட்ட எழுத்து. நாலு வரி எழுதுனா விரலு மரத்துப்போகும். பத்து நாளா எழுதுறேன். கோணலா இருந்தா அச்சுப் போடுறவங்க நிமித்திக்கங்க.

நான் இருக்குறது பதுளைக்குப் பக்கத்துல. டவுன்லருந்து ஸ்பிரிங்வெளி பக்கமாப் போற பஸ்ஸுல ஏறி, எறங்கி ரெண்டு கட்டை நடக்கணும். கட்டைன்னா மைலு. பாருங்க, இந்த ஊர்ப் பேச்சு என் கையிலயும் வந்துருச்சு. ஒரே தோட்டம். மலைக்கு மேல இருக்குற பாதிய மேக்கணக்குன்னும், கீழ இருக்குற பாதியக் கீக்கணக்குன்னும் சொல்லுவோம். நான் கீக்கணக்கு. எங்க மாரியம்மனுக்குத் தகரக் கூரை. மேக்கணக்கு மாரியம்மனுக்குக் கோபுரம்.

2

நம்ம ஊர்க் கோபுரம் ஒங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்கு ஒங்களவிட நல்லாத் தெரியும். ஏன்னா நான் பாத்தது அது ஒண்ணத்தான். எங்க தெருவுல பொறந்தவங்க அந்த வாசப்படி தாண்டி உள்ள போனதில்ல. உள்ள இருக்குற சாமி கறுப்பா செவப்பா, நின்னுருக்கா உக்காந்துருக்கா, எங்கப்பனுக்கும் தெரியாது, எங்கம்மாளுக்கும் தெரியாது. களை வெட்டும்போது நிமிந்தா கோபுரம் தெரியும். அதப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டு திரும்பவும் குனிஞ்சுக்குவோம். கோபுரம் ஏன் உசரம்னு கேக்குறீங்களே, நான் சொல்றேன். உள்ள விடாதவங்களுக்காகத்தான் உசரம். உள்ள போறவங்களுக்கு அது எதுக்கு, அவுகதான் அதுக்குக் கீழ புகுந்து போயிர்றாங்களே.

இப்ப எல்லாரும் உள்ள போறீங்களாம். தங்கச்சி மகன் எழுதியிருந்தான், அவனே கர்ப்பக்கிருகத்துக்கு எதுக்க நின்னு தீவாரதனை பாத்தானாம். சந்தோசம். ஆனா அந்த வரிய வாசிச்சதும் கடுதாசிய மடிச்சு வச்சுட்டேன். ரெண்டு நாளு எடுக்கல.

வெள்ளைக்காரன் சண்டை முடிஞ்சு கப்பல் ஓட ஆரம்பிச்ச பெறகு ஒரு தடவை ஊருக்கு வந்தேன்ல, எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப. அப்ப பாண் வேணும்னு கேட்டேன், ரொட்டியத்தான் நாங்க அப்பிடிச் சொல்லுவோம். ஒங்க கடைக்காரரு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. சிலோன்காரின்னு பேரு வச்சீங்க. இங்க இருக்குறவங்க என்னய இந்தியாக்காரிங்குறாங்க. சரி, அது கெடக்கட்டும்.

அந்தத் தடவைதான் கோபுரக் கலசத்த எறக்கிப் பழைய வரக வெளிய எடுத்தாங்க. பன்னெண்டு வருஷம் உச்சியில இருந்த வரகு. வெள்ளம் வந்து ஊரே போனாலும், கோபுரம் ஏறி அந்த வெதைய எடுத்து வெதைச்சுப் பொழைச்சுக்கலாம்னு முன்னோருங்க வச்ச ஏற்பாடு அது. எல்லாருக்கும் ஒரு பிடி குடுத்தாங்க. எங்களுக்கு வாசலுக்கு வெளிய தட்டுல கொண்டாந்து குடுத்தாங்க. நான் அத எங்க அண்ணன் காட்டு ஓரத்துல வெதைச்சேன். பன்னெண்டு வருஷத்து வெதை, ஒரு மழைக்குப் பச்சையா எந்திரிச்சு நின்னுச்சு. அம்மா போன பெறகும் அது வெளையுற வரைக்கும் நான் கெளம்பல. வருஷம் ஒண்ணு தாண்டிப்போச்சு. ரெண்டு படி கண்டுச்சு. வேப்பெலை போட்டு முடிஞ்சு, கப்பல் ஏறுற மண்டபம் முகாமுல மருந்து அடிச்சவங்ககிட்டக்கூடக் காட்டாம, மடியில வச்சுக் கொண்டாந்தேன்.

எங்க கீக்கணக்குல ஒருநா கோபுரம் எழும்பும், அது உச்சியில எங்க ஊர் வரகு இருக்கணும். அம்புட்டுதான் என் ஆசை.

3

மேக்கணக்குக்காரங்க முந்திக்கிட்டாங்க. எங்காளுங்க வெத்தல போட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்த நேரத்துல, அவுக தோட்டத்துத் தொரைகிட்டப் போயி உத்தரவு வாங்கிட்டாங்க. பெறகு எங்க வீட்டுக்காரரு நாலு பேரக் கூட்டிக்கிட்டு போனாரு. ஒரு தோட்டத்துக்கு ஒரு கோபுரம் போதும்னு தொரை சொல்லிட்டாராம். மனு எழுதிக் குடுத்தோம். மனு ஆபீசுல கெடந்துச்சு. தொரை மாறிப்போனாரு. புதுத் தொரைக்கு மனுன்னா என்னன்னே தெரியல.

நாகப்பட்டணத்துப் பக்கத்துலருந்து ஒரு ஆசாரி விசா எடுத்து வந்து, மூணு நெலையில கோபுரம் கட்டுனாரு. எங்க லயத்து வாசல்ல, அதான் நாங்க குடியிருக்குற வரிசை வீட்டு வாசல்ல, நின்னா நேரா தெரியும். விடிகாலை வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகும்போது பனி எல்லாத்தையும் மூடியிருக்கும். லயம் தெரியாது, ரோடு தெரியாது, தேயிலை ஸ்டோரு தெரியாது. அது ஒண்ணு மட்டும் பனிக்கு மேல நிக்கும். நான் பாக்கக் கூடாதுன்னுதான் நெனைப்பேன். தலை தானா நிமிந்துரும். கன்னத்துல போட்டுக்கமாட்டேன். கொழுந்துக் கூடைய இறுக்கிக் கட்டிக்கிட்டு நடப்பேன்.

இதுல இன்னொண்ணு. அந்த வருஷந்தான் என் கடைசி மக மருதாயிய மேக்கணக்குல கட்டிக் குடுத்துருந்தோம். மாப்பிள மாரிமுத்து தங்கமான பய. அவன் ஆத்தா பேச்சியம்மாதான் பேச்சுலயே ஆள உரிச்சுருவா. நானும் அவளும் ஒரே கப்பல்ல வந்தவங்க. கப்பல் ஏறுறதுக்கு முந்தி தட்டப்பாறை முகாமுல ஒரே தட்டுல சோறு தின்னவங்க. இப்ப அவ கோபுரத்துக்காரி, நான் தகரத்துக்காரி. மழை நாள்ல எங்க கோயிலுக்கு வந்தவ, ஒங்க சாமிக்குக் காது கேக்குமா மதினி, இந்தத் தகரச் சத்தத்துல நாம வேண்டுறது எங்க கேக்கப்போகுதுன்னா. கூட நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. என் மகளும் சிரிச்சா. அதுதான் எனக்கு ஆறல.

4

மூத்த மகன் பதுளை டவுன்ல ஒரு முஸ்லிம் மொதலாளி கடையில இருக்கான். அவன் புள்ளைங்க தெருவுல சிங்களம் பேசிப் பேசி, என்கிட்டயும் அதுலயே பதில் சொல்லுதுங்க. நான் தமிழ்ல கேப்பேன், அதுங்க சிங்களத்துல சொல்லும், எம் மகன் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் தலையாட்டுவான். மாசம் ஒருக்க அங்க போவேன். போனா எல்லாக் கோபுரத்தையும் பாத்துக் கணக்கெடுத்துட்டுத்தான் வருவேன். அது எனக்கு ஒரு வியாதி.

விகாரையில வெள்ளையா, கவுத்துவச்ச மணி மாதிரி ஒண்ணு நிக்குது. மேல கூரா போயி ஒரு கல்லு மின்னும். உள்ள புத்தரோட திருமேனித் துண்டு இருக்குன்னு பக்கத்து வீட்டு சிங்களத்தம்மா சொன்னா. பள்ளிவாசலுக்கு ஒரு ஒசந்த தூணு. அது எதுக்கு மொதலாளின்னு கேட்டேன். கூப்புடுற சத்தம் தூரத்துல இருக்குறவனுக்கும் எட்டணும்ல உம்மா, அதுக்குத்தான்னாரு. வேதக்காரங்க கோயிலுக்கு ஊசி மாதிரி கூரை, உள்ள மணி. அவுகளுதும் தூரத்துல இருக்குறவங்களத்தான் கூப்புடுது.

எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தரு எலும்ப வச்சாங்க, ஒருத்தரு சத்தத்த வச்சாங்க, ஒருத்தரு மணிய வச்சாங்க. நாம வெதைய வச்சோம். ஒரு சாதி சனம் தனக்கு எது போயிரக் கூடாதுன்னு பயப்படுதோ, அதக் கொண்டுபோயி ஆளுக்கு எட்டாத ஒசரத்துல வைக்குது. இதுதான் எனக்குத் தெரிஞ்ச தத்துவம். மலர்ல இத மட்டும் போட்டாலும் போதும்.

ஆனா இனிமே சொல்லப்போறது, இத நல்லாத் தெரிஞ்சுக்கிட்டே நான் செஞ்சது.

5

இந்த நாட்டு ஆளுன்னு எழுதிக்கிற பிரஜா உரிமைக்கு ஃபாரம் நெரப்பச் சொன்ன காலம். ஆபீசுல யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருத்தரு இருந்தாரு. எங்களுக்கெல்லாம் அவருதான் எழுதிக் குடுத்தாரு. நல்ல மனுசன், காசு வாங்கமாட்டாரு. என் முறை வந்துச்சு. எப்ப வந்தீங்க, எங்க பொறந்தீங்க, எப்ப ஊருக்குப் போனீங்க, எம்புட்டு நாளு இருந்தீங்கன்னு கேட்டாரு. நான் பொய் சொல்லல. பேனாவ மூடி மேசையில வச்சாரு.

"அம்மா, நீங்கள் ஒரு வருசத்துக்கு மேல அங்கை நிண்டிட்டியள். இது சரிவராது எண்டுதான் நினைக்கிறன்."

ஏன் நின்னீங்கன்னு கேட்டாரு. வரகு வெளையட்டும்னு நின்னேன்னு எப்பிடிச் சொல்றது. அம்மாளுக்குச் சுகமில்லன்னேன். அனுப்பிப் பாப்பம்னாரு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, இல்லன்னு இங்கிலீசுல கடுதாசி வந்துச்சு. ஆனா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

அந்த வாரத்துலயே பேச்சியம்மா எங்க லயத்துக்கு வந்தா. மருதாயியும் கூட வந்தா. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். பேச்சியம்மா காலு ரெண்டையும் நீட்டி உக்காந்துக்கிட்டு சொன்னா, "எனக்கு எல்லாம் சரியா இருக்காம் மதினி, கிளாக்கர் ஐயா சொல்லிட்டாரு. நான் வந்ததுலருந்து ஊருப் பக்கமே திரும்பிப் பாக்கலைல, அதுனால."

சொல்லிட்டு, அதே மூச்சுல வரகு கேட்டா. அடுத்த வெள்ளிக்கெழமை கும்பாபிஷேகம். கலசத்துக்கு வரகுதான் வேணும்னு பூசாரி சொல்லிட்டாரு. பதுளையில, பசறையில, கடைகடையா ஏறி எறங்கியாச்சு, கெடைக்கல. மொனராகலைப் பக்கம் குரக்கன், அதான் நம்ம கேவுரு, இருக்கு, வரகு இல்ல. என்கிட்ட இருக்குன்னு மருதாயி சொல்லியிருக்கா. என் மகளே சொல்லியிருக்கா. வரகு குடுக்குற வீட்டுப் பொண்ணுதான் மொதப் பிடி போடணுமாம், அதுனால மருதாயி கையாலதான் கலசம் நெறையுமாம். மருதாயி மொகத்த நீங்க பாத்திருக்கணும். கலியாணத்தன்னைக்குக்கூட அம்புட்டு சந்தோசமா இருந்ததில்ல.

நாளைக்கு வந்து வாங்கிக்கன்னேன்.

மறுநா காய்ச்சல்னு சொல்லி வேலைக்குப் போகல. எல்லாரும் அந்திக் கொழுந்து நிறுக்கப் போன நேரம் அடுப்பப் பத்த வச்சேன். ஒரு படி வரகு. மண்சட்டியில போட்டு, தீய எறியவிடாம, தணல்ல வச்சு, கைய எடுக்காமக் கிண்டுனேன். நெறம் மாறக் கூடாது, வாசம் வரக் கூடாது, உசுரு மட்டும் போகணும். முப்பது வருஷம் தேயிலைக்காரி நான், பச்சையா இருக்கும்போதே எலைய வாட்டுறதப் பாத்துப் பாத்து வளந்தவ. ஆறவச்சு ஒண்ண வாயில போட்டுக் கடிச்சேன். மொறுமொறுன்னு இருந்துச்சு. அப்பவும் எனக்கு ஒண்ணும் தோணல. சொன்னா நம்பமாட்டீங்க, நிம்மதியா இருந்துச்சு. அந்தக் கோபுரம் இனி எம்புட்டு உசரமா நின்னாலும் அது வெறும் சுண்ணாம்புன்னு எனக்கு மட்டும் தெரியும்ல.

மக வந்தா, முடிஞ்சு குடுத்தேன். காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு வாங்கிட்டுப் போனா.

மிச்சம் ஒரு படிய எங்க கோபுரத்துக்குன்னு பத்திரமா வச்சிருந்தேன். ரெண்டு மழைக்காலத்துல பூஞ்சணம் பிடிச்சுக் கட்டியாப் போச்சு.

6

இப்ப நடந்தது.

பன்னெண்டு வருஷம் ஆயிருச்சுன்னு, போன மாசம் மேக்கணக்குல கலசம் எறக்குனாங்க. பழைய வரகத் தனியா ஒரு மொளைப்பாரி ஓட்டுல வெதைச்சு அம்மனுக்கு எடுக்கணும்னு பூசாரி சொன்னாரு. மத்த ஓட்டுல புது நவதானியம் போட்டாங்க. இருட்டு அறையில வச்சுத் தண்ணி தெளிச்சாங்க. ஏழாம் நாள் கதவத் தெறந்தா, மத்த எல்லா ஓட்டுலயும் சாண் ஒசரத்துக்கு மொளை நிக்குது. வரகு ஓட்டுல மண்ணுதான் இருந்துச்சு. ஒண்ணுகூட வரல.

பன்னெண்டு வருஷத்து வெதை, செத்துப்போறதுதான்னு யாராவது சொல்லியிருக்கலாம். நான் அப்பிடிச் சொல்லுவாங்கன்னுதான் எதிர்பாத்தேன். ஆனா பூசாரி வரகு சாகாதுன்னுட்டாரு. சாகாதுங்கிறதுனாலதானே அத வைக்கிறதுன்னாரு. அவரு சொன்னது சரி. எங்க அண்ணன் காட்டுல நானே கண்ணால பாத்துருக்கேன்.

அப்ப மொதப் பிடி யார் கைன்னு பேச்சு வந்துருச்சு. மருதாயி கை. அந்த மருதாயிக்கு மூணு புள்ள வயித்துலயும் தொட்டில்லயுமாப் போனது எல்லாருக்கும் தெரியும். ஒத்தப் பொண்ணு புஷ்பம் மட்டுந்தான் நின்னா. கோபுரத்து வெதையே அவ கைபட்டுச் செத்துருக்கே, வயித்துல வச்சது எப்பிடி நிக்கும்னு தண்ணி பிடிக்கிற பீலியில நின்னு பொம்பளைங்க பேசுனாங்களாம். இந்தத் தடவை மொதப் பிடி எளைய மருமக போடட்டும்னு பேச்சியம்மா சொல்லிட்டா. மருதாயி கலசத்துக்கிட்ட வரவேணாம், தள்ளி நின்னு கும்பிட்டாப் போதும்.

தள்ளி நின்னு கும்பிடுறது. அந்த வார்த்தை என் மகளுக்கு வந்துருச்சு.

ஞாயித்துக்கெழமை கீழ எறங்கி வந்தா. அழுகல. எனக்கு எண்ணெ தேய்ச்சுவிட்டா, தலை சீவிவிட்டா. பின்னால நின்னுக்கிட்டே சொன்னா, "நீங்க குடுத்தது நல்ல வரகுதாம்மா. அத நான் அவுக எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். எங்கம்மா ஊர்லருந்து மடியில கட்டிக் கொண்டாந்தது, அது சாகாது. என் கையில வந்துதான் செத்துச்சு."

நான் திரும்பல. சீப்பு என் தலையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. எண்ணெ போதும்னு மட்டும் சொன்னேன்.

7

அவ போன பெறகுதான் இத எழுத உக்காந்தேன். மொதல்ல வேற மாதிரிதான் எழுத நெனைச்சேன். நம்ம ஊர்க் கோபுரத்து வரகு கடல் தாண்டி வந்து ஒரு கோபுரத்துக்கு உசுரு குடுத்துச்சுன்னு எழுதுனா, மலர்ல வாசிக்க நல்லாருக்கும், என் பேரும் நெலைக்கும். ரெண்டு பக்கம் அப்பிடி எழுதவும் செஞ்சேன். அத அடுப்புல போட்டுட்டேன்.

வாயால சொல்ல எனக்கு முடியாது. அறுவத்தி நாலு வருஷத்துல நான் யார்கிட்டயும் தப்புன்னு சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரரு சாகுறப்பகூட, அவரு கேட்ட ஒரு விசயத்துக்கு நான் விட்டுக்குடுக்கல. பேச்சியம்மா மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன். இன்னைக்கும் அவளப் பாத்தா எனக்கு எரியத்தான் செய்யுது, பொய் எதுக்கு. அவகிட்டக் காகிதம் இருக்கு, கோபுரம் இருக்கு, என் மகளும் இருக்கா. என்கிட்ட இருந்தது ரெண்டு படி வரகு. அத நானே கொன்னேன்.

என் மக கை நல்ல கை. செத்த வெதையத்தான் அவகிட்டக் குடுத்தேன். அவ கைக்கு வரும்போதே அது செத்திருந்துச்சு. வறுத்தது நான். இத நல்லா அழுத்தி எழுதியிருக்கேன், காகிதத்துக்குப் பின்பக்கம் தடவுனா தெரியும்.

மலர்ல போடுறதும் விடுறதும் ஒங்க இஷ்டம். போடலன்னாலும் வருத்தமில்ல. இந்தத் தடவை வரகு நீங்கதான் அனுப்பணும். நம்ம ஊர்க் கலசத்துல போடுறதுல ஒரு பிடி, மேக்கணக்கு மாரியம்மன் கோயிலு, மருதாயின்னு பேர் போட்டு அனுப்புங்க. வந்து சேருற வரைக்கும் இங்க மேக்கணக்குக் கும்பாபிஷேகத்தத் தள்ளி வைக்கச் சொல்லுறது என் பொறுப்பு. சொல்லத்தான் வந்திருக்கேன்.

இப்ப மேக்கணக்குலதான், பேச்சியம்மா வீட்டுல உக்காந்திருக்கேன். இந்தக் கடைசி வரிய இங்கதான் எழுதுறேன். பேச்சியம்மா முறத்துல அரிசி பொடைக்கிறா, என்னமோ கணக்கெழுதுறேன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா. மருதாயி உள்ள அடுப்பு ஊதுறா. தபால்ல சேக்குறதுக்கு முந்தி இத இங்க வாசிக்கணும், புஷ்பம் இஸ்கூல் விட்டு வர்றா.

புஷ்பம், இங்க வாடி. இஸ்கூல் பையக் கீழ வையி. ஒங்க அம்மாவ அடுப்ப விட்டுட்டு வரச் சொல்லு. அப்பத்தாளையும் முறத்த வச்சுட்டு இப்பிடி உக்காரச் சொல்லு. அம்மாயி எழுதுனது கோணலாத்தான் இருக்கும், எழுத்துக் கூட்டி மெதுவா வாசி. நடுவுல நான் போதும்னு சொன்னாலும் நிறுத்தாத. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வாசி.